உடையவர் சம்மதித்திருப்பார் என்ற நம்பிக்கை

பிறர் பொருளைச் சேதப்படுத்திய ஒருவன், ‘உடையவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் சம்மதித்தே இருப்பார் என்று நம்பினேன்’ என்று சொல்லி விடுதலை பெறுவதற்கு இடமளிக்கும் விசித்திரமான ஏற்பாடு, இங்கிலாந்தின் 1971-ஆம் வருஷத்துக் குற்றச் சேதச் சட்டத்தில் 5-ஆவது பிரிவாக இன்றும் இருந்து வருகிறது. அந்த நம்பிக்கை நியாயமானதா என்று அப்பிரிவு ஆராய்வதில்லை. அது மெய்யாகவே இருந்ததா என்பதொன்றே கேள்வி.

இந்தத் தாராளம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1980-இல் தீர்ப்பான ஒரு வழக்கில் காணலாம். நண்பரின் வீட்டைத் தன் வீடாகவே பாவிக்க அனுமதி பெற்றிருந்த ஒரு பெண்மணி, ஓரிரவு மதுமயக்கத்தில், பார்வைக்கு அதைப் போலவே இருந்த வேறொரு வீட்டை நண்பருடையதென்று எண்ணி, உள்ளே குடியிருந்தவர் போகச் சொல்லியும் போகாமல், முன்புறத்து ஜன்னலை உடைத்து, பிறகு கொல்லைப்புறம் சென்று அங்கும் ஒரு ஜன்னலை உடைத்து உள்ளே நுழைந்துவிட்டாள். போதையில் பிறந்த நம்பிக்கையும் இப்பிரிவுக்கு நம்பிக்கையே என்று கூறி, மேல் நியாயஸ்தலம் அவள்மீதிருந்த குற்றத் தீர்ப்பை ரத்துச் செய்தது. கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிய வீட்டுக்காரருக்கு அந்த நியாயம் எளிதில் விளங்கியிராது!

வளைகுடா யுத்தத்தைக் கண்டித்துப் பார்லிமெண்டுக்கருகே கான்கிரீட் தூணொன்றில் வேதவாசகம் எழுதிய பாதிரியாருக்கோ இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஆண்டவனின் சம்மதம் இருந்ததென்று அவர் வாதித்தார். அது எவ்வளவு உண்மையான விசுவாசமாயினும் நாட்டுச் சட்டத்தின் முன் செல்லாதென்று 1993-இல் தீர்ப்பாயிற்று.

அண்மைக் காலத்தில், பருவநிலை மாறுதலைக் குறித்துக் கிளர்ச்சி செய்து கட்டடங்களைச் சேதப்படுத்தியவர்கள், ‘அபாயத்தின் கடுமை தெரிந்திருந்தால் உடையவர்களே சம்மதித்திருப்பார்கள்’ என்று ஜூரிகளிடம் வாதிக்கலாயினர். அவ்விதம் ஒருவர் விடுதலையான பிறகு, அட்டர்னி ஜெனரல் எழுப்பிய சட்டப் பிரச்னைக்கு 2024 மார்ச் 18-ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு விடையளித்தது: சட்டம் பேசும் சூழ்நிலைகள் சேதத்தைச் சார்ந்தவையே, சேதம் செய்தவரின் அரசியல் கொள்கையும், பருவநிலை பற்றிய உண்மைகளும் அவற்றில் சேரா.

குடித்தவளுக்குக் கிடைத்த சலுகை கொள்கைக்காரருக்கு இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவள் நம்பியது நண்பரின் மனத்தை. இவர்கள் நம்பியதோ தங்கள் கொள்கையின் நியாயத்தை. ஆகையால் தீர்ப்பு சரியென்பதே என் அபிப்பிராயம். சட்டப் பிரச்னைக்கு மட்டுமே விடை கூறிய அத்தீர்ப்பினால், முன்பே பெற்ற விடுதலைக்கு யாதொரு பங்கமும் நேரவில்லை.