நெகற்றிவில் விழுந்த கோடு எங்கிருந்து வந்தது?

பழைய அலுமாரியின் அடித்தட்டிலோ, பிஸ்கற் பேணியிலோ நெகற்றிவ்களைச் சேமித்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. சுவரில் தொங்கிய படத்தைக் கறையான் அரித்திருக்கலாம். இடம்பெயர்ந்த வேளையில் அது தவறியுமிருக்கலாம். நெகற்றிவ் எஞ்சியிருப்பின், மறைந்த பெரியோரின் முகத்தை மீண்டும் காணும் வாய்ப்பும் எஞ்சியிருக்கின்றது. அத்தகைய நெகற்றிவில் கோடொன்றைக் கண்டவுடன் துணியால் துடைக்கத் தொடங்குதல் ஆகாது. தூசி செய்யாத கீறலைத் துணி செய்துவிடும். வைத்தியர் நோயறிந்த பின்னரே மருந்து கொடுப்பதுபோல, கோட்டின் காரணத்தை அறிந்த பின்னரே பரிகாரம் தேடுதல் வேண்டும்.

நெகற்றிவுக்கு இரு பக்கங்கள் உள. பளபளப்பான பக்கம் வெறும் தாங்கி. மங்கலான பக்கத்திலேயே ஜெலற்றின் பூச்சினுள் உருவம் அமைந்திருக்கின்றது. விளக்கின் கீழ் நெகற்றிவைச் சாய்த்துப் பார்த்தால், கீறல் எப்பக்கத்தில் மின்னுகின்றதெனப் புலப்படும். பளபளப்பான பக்கத்துக் கீறல் ஒளியைச் சிதறச் செய்வதால், அச்சிட்ட படத்தில் வெண்கோடாகத் தோன்றும். பூச்சே பெயர்ந்திருப்பின், அவ்விடத்தில் ஒளி தடையின்றிப் பாய்ந்து கருங்கோடாக விழும். முன்னையதைக் கிளிசரின் கொண்டு நிரப்பி மறைத்து அச்சிடுதல் பழைய முறை. பின்னையதற்குத் திருத்துவோரின் தூரிகையையே நம்ப வேண்டும்.

அடுத்து, கோட்டின் போக்கை நோக்குவோம். பல படங்களை ஊடறுத்து நீளவாக்கில் நேராகச் செல்லும் கோடு, பிலிம் நகர்ந்தபோது ஏதோ ஒன்று அசையாது நின்று கீறியதைக் காட்டும். கொடாக் நிறுவனம் 1934 இல் அறிமுகஞ் செய்த 35 மில்லிமீற்றர் பிலிம் கூட்டின் வாயில், ஒளி புகாதிருக்க மென்துணி ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு மணற்றுகள் சிக்கினாற் போதும். கமெராவினுள் பிலிமை அழுத்தும் தட்டின் அழுக்கும், கழுவிய பிலிமை விரல்களால் வழித்து நீரகற்றும் பழக்கமும் இவ்வாறே கீறும். குறுகியனவாய்ப் பல திசைகளிலும் ஓடும் கீறல்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் கையாண்டதன் விளைவு. பிறைவடிவான அடையாளம், பிலிமைச் சுற்றில் ஏற்றுகையில் மடிந்ததைக் குறிக்கும்.

சாய்த்துப் பார்த்தும் மின்னாத கோடுகள் கீறல்களல்ல. பிலிமின் ஓரத் துளைகளிலிருந்து புறப்படும் கருங்கீற்றுகள், உருத்துலக்கும் திரவத்தை அளவுக்கு மிஞ்சி அசைத்ததால் வருவன. அசைவு போதாவிடினோ, கருமை மிகுந்த பகுதியிலிருந்து வெளிறிய கீற்று வழியும். படத்தின் எல்லையைத் தாண்டிப் பிலிமின் ஓரம்வரை பரந்த கருமையாயின், கமெராவின் பின்மூடியிலோ பிலிம் கூட்டிலோ ஒளி கசிந்ததென ஐயுறலாம்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர். அதில் கழுவி உலர்த்திய பிலிமில் வெண்புள்ளிகள் படியக்கூடும். அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் கழுவிப் பெரும்பாலும் அகற்றலாம். ஆனால் பூஞ்சணம் பிடித்த நெகற்றிவில் நீர் படவே கூடாது. பூஞ்சணம் தாக்கிய ஜெலற்றின் நீரிற் கரைந்து, உருவமும் அதனோடு போய்விடும்.

இன்றைய ஸ்கானர்கள் சில, அகச்சிவப்புக் கதிரால் கீறல்களைக் கண்டறிந்து மறைக்கின்றன. வர்ண நெகற்றிவுக்கு இது பெரிதும் உதவும். கறுப்பு வெள்ளை நெகற்றிவிலோ உருவத்தை ஆக்கியுள்ள வெள்ளியே அக்கதிரைத் தடுப்பதால், கீறலையும் முகத்தையும் கருவி வேறுபிரித்தறியாது. நம் முன்னோரின் படங்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

ஆதலால் நெகற்றிவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்; தூசியை மென்தூரிகையால் அகற்றுங்கள்; ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இடுங்கள். ஸ்ரூடியோவில் ஒப்படைக்கும்போது, கீறல் எப்பக்கத்தது என்பதையும் எடுத்துக் கூறுங்கள். அந்த முகத்துக்கு வேறு பிரதி இல்லாதவிடத்து, இச்சிறு கவனமே அதனைக் காக்கும்.