சர்க்யூட் போர்டில் செப்புத் தடம் எவ்வளவு அகலம்?

மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்று எந்த ஊரில் இருந்தாலும் செப்புப் பூசிய போர்டும் பெரிக் குளோரைடும் வாங்குவது நம் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை. மார்க்கர் பேனாவை எடுத்ததும்தான் கேள்வி எழுகிறது. கோட்டை எவ்வளவு அகலமாகப் போடுவது?

மின்னோட்டக் கணக்கு எளிது. சாதாரண போர்டில் செப்பின் கனம் 35 மைக்ரான். தடத்தின் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாமலிருக்க 1 ஆம்பியருக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர், 2 ஆம்பியருக்கு 0.8, 5 ஆம்பியருக்கு 2.8 மில்லிமீட்டர் அகலம் போதும். ஒரு சிறு எல்.இ.டி. விளக்குக்கு 20 மில்லி ஆம்பியரே தேவை. அப்படியானால் தலைமுடி அளவு கோடே போதுமே என்று தோன்றும்.

போதாது. பெரிக் குளோரைடு மேலிருந்து மட்டும் அரிப்பதில்லை. மையின் ஓரத்துக்கு அடியிலும் புகுந்து அரிக்கும். ஒரு மூலையில் செப்புக் கரையவில்லையே என்று இன்னும் பத்து நிமிடம் ஊறவிட்டால், மற்ற இடங்களில் கோடுகள் மெலியும். மையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மெல்லிய தடம் அறுந்துவிடும். மலிவான பழுப்பு நிற போர்டாக இருந்தால் சால்டரிங் சூட்டில் மெல்லிய தடம் உரிந்தும் வரும். ஆகவே கையால் வரைந்தால் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. லேசர் அச்சை இஸ்திரி போட்டு ஒட்டினால் 0.5 வரை போகலாம். ஐ.சி. கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர்தான். அந்தச் சந்தில் கையால் கோடு நுழைக்க முயல்வதைவிட மேலே ஒரு ஜம்பர் கம்பி போடுவதே புத்திசாலித்தனம்.

சப்ளை, கிரவுண்டு தடங்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 0.3 மில்லிமீட்டர் அகலத் தடம் 10 சென்டிமீட்டர் நீண்டால் அதன் மின்தடை சுமார் 0.16 ஓம். 1 ஆம்பியர் ஓடும்போது 0.16 வோல்ட் அதிலேயே போய்விடும். ஆம்ப்ளிஃபயரில் இரைச்சலும் வரலாம். 3 மில்லிமீட்டர் வையுங்கள். காலி இடத்துச் செப்பையெல்லாம் கிரவுண்டாகவே விட்டால் இன்னும் நல்லது, பெரிக் குளோரைடும் மிச்சம்.

230 வோல்ட் விஷயம் வேறு. அங்கே அகலத்தைவிட இடைவெளிதான் உயிரைக் காக்கும். குறைந்த வோல்ட் பகுதிக்கும் அதற்கும் 6 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். பிள்ளைகள் செய்யும் போர்டில் அது வரவே வேண்டாம். கடையில் விற்கும் அடாப்டர் போதும். பயன்படுத்திய கரைசலைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். உலோகக் குழாயையும் அது அரிக்கும்.