கையெழுத்து உங்களுடையதுதான்!

"நாள் தள்ளிப்போச்சு வைத்தியரய்யா. வெளியே தெரியாம ஒரு சூரணம் கொடுத்துடுங்க..." என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் பெண்கள் ஏராளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சகோதரிகளே, கருக்கலைப்புக்கு நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்து சித்த வைத்தியத்தில் இல்லை. சட்டப்படி நாங்கள் அதைச் செய்யவும் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஏன் இங்கே வருகிறார்கள்? கேட்டுப் பார்த்தால், செலவெல்லாம் இரண்டாம்பட்சம். "புருஷன் வரலையா?", "குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிக்கிட்டாதான் செய்வோம்" என்று பத்துப் பேர் காதில் விழப் பேசுவார்களே, அந்தப் பயம்தான்! அந்தக் கூச்சத்தில் பப்பாளிக்காய், எள்ளு, வெல்லம் என்று நாளைக் கடத்துகிறார்கள். கருவோ வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் எருக்கங்குச்சி! கர்ப்பப்பை ஓட்டையாகி, சீழ் வைத்து, ரணஜன்னி கண்டு உயிரே போகலாம்.

கருக்கலைப்புச் சட்டம் நம் நாட்டில் 1971-லேயே வந்துவிட்டது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். கருத்தடை சாதனம் பலிக்காமல் போனதும் ஒரு காரணம்தான். சில சூழ்நிலைகளில் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை செய்யலாம். இதில் மணமாகாத பெண்களுக்கும் இடமுண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து போதும். (சிறுமி என்றால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும்.) கணவர் கையெழுத்து? சட்டத்தில் எங்கேயும் இல்லை! ஆபரேஷன் நிபந்தனையும் இல்லை. பெயரை வெளியிடுவது குற்றம்.

என்னிடம் வரும் ஒரு தாய் சொன்னார்: "அந்த டாக்டரம்மா கதவைச் சாத்திட்டு, மாத்திரையா, உறிஞ்சி எடுக்கிறதா, எது எப்படி இருக்கும்னு சொன்னாங்க. 'வலிச்சா சொல்லும்மா'ன்னாங்க. அதுவே பாதி தெம்பு." இதைக் கேட்டு வாங்குங்கள், தப்பேயில்லை.

மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை பலிக்காது; குழாய் வெடித்தால் ஆபத்து. மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் முழுசாக நனைந்தாலோ, காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். நாட்டு மருந்தானாலும் சரி, சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து, உடம்பு தேற என்ன சாப்பிடலாம் என்று கேட்க என்னிடம் தாராளமாக வாருங்கள்.