சாம்பல் மேட்டு எலும்புகள்

பல்லாரி, ராய்ச்சூர் ஜில்லாக்களிலும் அவற்றை அடுத்த கிருஷ்ணா நதிப் பிரதேசத்திலும் பெரிய சாம்பல் மேடுகள் காணப்படுகின்றன. ஹம்பிக்கு அருகில் நிம்பாபுரத்திலுள்ள மேட்டை வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்பர் ஜனங்கள். உண்மையில் இவை எரிந்த மாட்டுச் சாணமேயாம். 1957-ம் வருஷத்தில் ஆல்சின் என்பவர் உட்னூரில் அகழ்ந்தபோது பட்டியின் கம்பக் குழிகளும், பதிந்த குளம்புச் சுவடுகளும் வெளிப்பட்டன. இப்பட்டிகள் சுமார் 4,000 வருஷங்களுக்கும் முற்பட்டவை. சாணத்தை ஏன் எரித்தார்கள் என்பதில் அபிப்பிராய பேதமுண்டு.

அம்மக்கள் உண்டது யாது என்பதற்கு எலும்புகளே சாட்சி. அவற்றுள் மாட்டெலும்பே மிகுதி, ஆடு அதற்கடுத்தது. சந்தையில் மாடு வாங்குவோர் வாயைத் திறந்து இரண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்ப்பதைப் போலவே ஆராய்ச்சியாளரும் தாடையைக் கொண்டு வயதை நிதானிக்கின்றனர். முன்பற்கள் மண்ணில் உதிர்ந்துவிடுவதால் கடைவாய்ப் பற்களின் தேய்மானத்தையே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது. வளர்ச்சி முடிந்த இளங்காளைகள் அதிகமாக வெட்டப்பட்டிருப்பின் இறைச்சியே நோக்கம். கிழப்பசுக்கள் மிகுந்திருப்பின் பாலுக்காக வைத்திருந்தனர் எனலாம். காளைகள் முதுமைவரை வாழ்ந்து, குளம்புக்கு மேலுள்ள எலும்புகள் தடித்துப் பரந்திருப்பின், அவை பாரம் இழுத்தவை. திமிலுள்ள நமது இனத்தை, முதுகெலும்பின் மேல்முள் நுனியில் இரண்டாகப் பிளந்திருப்பதால் அறியலாம்.

மாடு தானே செத்ததா, உணவுக்காகக் கொல்லப்பட்டதா என்பதைக் கற்கத்தி கீறிய தழும்பும், மூளைச்சத்துக்காக உடைத்த பிளவும் தெரிவிக்கின்றன. அப்போது குல்பர்கா ஜில்லாவிலிருந்த பூதிஹாள் என்னுமிடத்தில் பத்தய்யா என்பவர் 1990-களில் அகழ்ந்தபோது, மாடுகளை அறுத்துப் பங்கிட்ட தளமே கிடைத்தது. கூட்டமாகக் கூடி விருந்துண்டனர் போலும். ஆயினும் இறைச்சி மட்டுமே அவர்களது உணவு என்றெண்ணுவது தவறு. அக்காலத்து ஊர்களில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் அகப்பட்டுள்ளன. நம் திருப்பத்தூர்ப் பகுதியில் பையம்பள்ளியிலும் அவ்வாறே.

மேடுகள் பலவற்றை எருவுக்காக வெட்டிக் கொண்டுபோய்விட்டனர். இது லாபமுமன்று. சாணம் எரியும்போதே தழைச்சத்து போய்விடுகிறது; உருகிக் கசடான கட்டி நிலத்துக்கு ஒன்றும் செய்யாது. நத்தமேட்டு மண் எடுக்கும்போதோ கிணறு தோண்டும்போதோ எலும்பும் பழைய ஓடும் சேர்ந்து தென்பட்டால் வேலையை நிறுத்தித் தாசில்தாருக்குத் தெரிவிக்கவேண்டும். எலும்பைப் பொறுக்கி வீட்டில் வைப்பதில் பயனில்லை. எந்த மண் அடுக்கில், எதனுடன் கிடந்தது என்பது தெரியாத எலும்பிலிருந்து காலத்தைச் சொல்லுவது மிகக் கடினம்.