சடுகுடுவும் சட்டபுத்தகமும்

மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், சீமையிலிருந்து எந்தச் சாமானும் கப்பலேறி வர வேண்டாம். மணலில் காலால் ஒரு கோடு கிழித்தால் போதும், சடுகுடு ஆரம்பமாகிவிடும். ஆனால் இவ்வளவு எளிய விளையாட்டின் விதிகள் மாத்திரம் அவ்வளவு எளியவை அல்ல.

கட்சிக்கு எழுவர். ஒருவர் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்க் கட்சியின் எல்லைக்குள் பாடிச் செல்ல வேண்டும். யாரையேனும் தொட்டுவிட்டுத் தம் பக்கம் மீண்டாரானால், தொடப்பட்டவர் வெளியேறுவார். மடக்கிப் பிடித்துவிட்டார்களானால், பாடிச் சென்றவரே வெளியேற வேண்டியதுதான். யாரையும் தொடாமல் திரும்புவதானாலும், உள்ளே குறித்திருக்கும் கோட்டை ஒரு முறை தாண்டியாக வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு இடமில்லை! எதிரி ஒருவர் வெளியேறினால், நம் கட்சியில் முன்பு வெளியேறிய ஒருவர் உயிர் பெற்று உள்ளே வருவார். இம்முறைக்குச் 'சஞ்சீவனி' என்று பெயர். பெயரிட்டவருக்கு இராமாயணத்தில் நல்ல பரிச்சயம் இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் உயிர்நாடி மூச்சு. சென்றவர் இரண்டாம் மூச்சு வாங்கவில்லை என்பதற்கு அவர் வாய்ச்சொல்லே சாட்சி. வங்காளத்தார் இதற்கு 'ஹாடுடு' என்றார்கள். மராட்டியர் 'ஹுதுது' என்றார்கள். தமிழரோ அந்தச் சாட்சியைப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். எதிரியைச் சீண்டும் பாட்டு, வீரம் பேசும் பாட்டு, வெறும் வேடிக்கைப் பாட்டு என்று எத்தனையோ! பாடிப் போவது என்ற பேச்சே அதனால் வந்ததுதான்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களின்போது, அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் இவ்விளையாட்டை ஆடிக் காட்டினர். 1990-ல் பீஜிங்கில் நடந்த ஆசியப் பந்தயங்களில் இதற்குப் பதக்கமும் ஏற்பட்டது. பல தேசத்தார் கூடி ஆடுவதானால் விதி ஒன்றாக இருப்பது அவசியமே. ஆகவே சட்டபுத்தகம் ஒரே சொல்லை அங்கீகரித்தது: 'கபடி'. மூச்சுக்குக் காவலாகக் கடிகாரமும் வந்துவிட்டது. 30 விநாடிக்குள் திரும்பாதவர், நெஞ்சில் எவ்வளவு மூச்சு மிச்சமிருந்தாலும், ஆட்டம் இழந்தவரே. 2018-ல் ஜாகர்த்தாவில் ஈரானிய ஆண்களும் பெண்களும் தங்கப் பதக்கங்களைத் தட்டிக்கொண்டு போனபோது, அவர்கள் உச்சரித்ததும் நம் 'கபடி'யைத்தான். தோல்வியிலும் அது ஒரு பெருமைதான்.

ஆனால், ஊர்த் திருவிழாப் பந்தயத்துக்குச் சர்வதேச நடுவர் எவரும் வரப்போவதில்லையே! அங்கேயாவது பிள்ளைகள் பாட்டுப் பாடியே கோட்டைத் தாண்டினால் என்ன? பாட்டு மறக்காத தாத்தாமார் இன்னும் பல வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள்.