கண் காணாதவர்க்கும் சேர வேண்டிய சுகாதாரச் செய்தி

மரக்காணம் உப்பளங்களில் பாடுபடுவோர்க்குக் கண் எரிச்சல் புதிதன்று. வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெயில் ஆண்டுக்கணக்கில் கண்ணைத் தாக்க, முதுமையில் புரையும் சேர்ந்துகொள்கிறது. என் பெரியப்பாவுக்குப் பார்வை அறவே போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஆகவே மருந்துப் பட்டையைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் எனதே. நான் இங்கே வகுப்பில் இருக்கும் பகலில் அவர் எந்த மாத்திரையை எடுப்பாரோ!

பார்வையற்றோர் என்றதும் பலரும் பிரெயில் எழுத்தையே நினைப்பர். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழும் அதில் உண்டு. மருந்துப் பெட்டியில் மருந்தின் பெயரைப் பிரெயிலில் பொறிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் விதி செய்தது. நல்லதுதான். ஆனால் அறுபது வயதில் பார்வை இழந்தவரின் காய்த்துப்போன விரலுக்கு அப்புள்ளிகள் என்ன சொல்லும்? அவருக்கு ஒலியே வழி.

2020-இல் கைப்பேசியில் அழைக்கும்போதெல்லாம் ஒலித்த கொரோனா அறிவிப்பை நாம் சலித்துக்கொண்டோம். பெரியப்பாவுக்கோ பிறர் துணையின்றி வந்த செய்தி அது ஒன்றே.

இன்று கைப்பேசியே எழுத்தை வாசித்துக் காட்டும். தட்டச்சு செய்த எழுத்தானால் தடையில்லை. அதே செய்தி வண்ணப் படமாக வந்தால் பெரும்பாலும் ‘படம்’ என்று சொல்லி நின்றுவிடும். மருத்துவ முகாம் அறிவிப்புகளோ பெரும்பாலும் படங்களாகவே வருகின்றன! படத்தின் கீழ் நாள், இடம், நேரம் மூன்றையும் எழுத்தாக இட இரண்டு நிமிடம் போதும். செய்திகள் அனைவரும் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது.

வேதியியல் மாணவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் பகுதியை வெள்ளக்காடாக்கியது. வெள்ளத்தின் பின்னே வயிற்றுப்போக்கு வருவதுண்டு, அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கைகண்ட மருந்து. 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பின் செறிவு கூடிக் கேடு செய்யும். இந்த அளவு பொட்டலத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. பொட்டலத்தைக் கையில் தருபவர் வாயாலும் சொல்லி, ஒரு லிட்டர் பாட்டிலையும் தொட்டுக் காட்டிவிட்டால் கண் இல்லாதவரும் தாமே கலக்கலாம்.

பெரியப்பாவின் காலை மாத்திரைப் பட்டையில் ஒரு ரப்பர் வளையம், இரவுக்கு உரியதில் இரண்டு போட்டிருக்கிறேன். புதுப் பட்டை வாங்கும்போது வளையத்தை மாற்றிப் போட மட்டும் கண் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அதை ஞாயிறுதோறும் நான் பார்த்துக்கொள்கிறேன்.