பால் வாங்கப் போனது யார்?

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நடந்த கருத்தரங்கில் இந்திரா நூயி தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். பெப்சிகோ நிறுவனத்தின் பிரெசிடென்ட் பதவி தனக்குக் கிடைக்கப்போகிறது என்ற செய்தி ஓர் இரவு அலுவலகத்தில் இருந்தபோது அவருக்கு வந்தது. அதைச் சொல்லும் ஆசையோடு வீடு திரும்பும்போது மணி பத்து. அவர் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, அந்தச் செய்தி அப்புறம் இருக்கட்டும், முதலில் போய்ப் பால் வாங்கி வா என்றுவிட்டார். கணவர் எட்டு மணிக்கே வந்திருந்தார். களைத்திருப்பார் என்பதால் பால் வாங்கி வர அவரிடம் சொல்லப்படவில்லை. பாலை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு மகள் கோபப்பட்டபோது, இந்த வீட்டுக்குள் நீ மனைவி, மகள், மருமகள், தாய்; கிரீடத்தைக் கார் ஷெட்டிலேயே வைத்துவிட்டு வா என்றாராம் அம்மா. சென்னையில் பிறந்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து, உலகின் பெரிய உணவு நிறுவனங்களில் ஒன்றை 2006 முதல் 2018 வரை நடத்திய பெண் சொன்னது என்பதால் தமிழ்நாட்டிலும் இந்தக் கதை வாட்ஸ்அப்பில் பலமுறை சுற்றிவந்தது, பெரும்பாலும் பணிவுக்கான பாடமாக. எனக்கு அதில் வேறொன்று பெரிதாகப் படுகிறது. இருவரும் களைத்துத்தான் வீடு வந்தார்கள். ஒருவருக்கு அந்தக் களைப்பு விலக்கு வாங்கித் தந்தது, இன்னொருவருக்குத் தரவில்லை.

வெற்றி பெற்ற ஒருவரைப் பேட்டி காணும்போது, வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவேன், இரவு உணவின்போது போனைத் தொடமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழந்தைகளுக்குத்தான். கேட்கிறவர்களுக்கு இது தனிமனித ஒழுங்கைப் பற்றிய விஷயமாகத் தோன்றும். நேரத்தைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார், தெரியாதவர் தோற்கிறார் என்ற முடிவுக்குத்தான் வாசகர் வருவார். இந்த முடிவு தவறு என்பதே என் வாதம். ஒரு தலைவரால் இரண்டையும் சமாளிக்க முடிந்ததா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை இரண்டு: அவர் வெளியே இருந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள், அவர் வேலை செய்த இடம் நேரத்தை எப்படி வகுத்திருந்தது. இரண்டுமே அவருடைய ஒழுக்கத்தால் மட்டும் வந்தவை அல்ல.

இதற்குச் சான்று வேண்டுமானால், ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த போரிஸ் க்ராய்ஸ்பர்க், ராபின் ஆப்ரஹாம்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். உலகெங்கும் ஏறத்தாழ 4,000 உயர் நிர்வாகிகளை அந்தப் பள்ளியின் மாணவர்கள் ஐந்தாண்டுகளாகப் பேட்டி கண்டு திரட்டிய தகவல்கள் அவை. அந்த ஆண்களில் 60 சதவீதம் பேரின் மனைவியர் வெளியே முழுநேர வேலை பார்க்காதவர்கள். பெண்களில் அப்படிப்பட்ட கணவர் இருந்தது 10 சதவீதம் பேருக்குத்தான். ஆண்களில் 88 சதவீதம் பேர் திருமணமானவர்கள், பெண்களில் 70. ஆண்களுக்குச் சராசரியாக 2.22 குழந்தைகள், பெண்களுக்கு 1.67. உயரே ஏறிய ஆண்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் வீட்டை முழுப் பொறுப்பாக ஏற்ற இன்னொரு ஆள் இருந்திருக்கிறார். உயரே ஏறிய பெண்கள் அந்த ஆள் இல்லாமல் ஏறியிருக்கிறார்கள். அல்லது குடும்பத்தையே சுருக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். விடிகாலையில் எழுவதற்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தமில்லை.

இந்தியாவில் இதன் வடிவம் நமக்குப் பழக்கமானது. 1981இல் இன்ஃபோசிஸ் தொடங்க நாராயண மூர்த்திக்குத் தன் சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் கொடுத்தவர் அவருடைய மனைவி சுதா மூர்த்தி. அவரும் டெல்கோ நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். ஆனால் கணவன் மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்று மூர்த்தி கருதியதால், குழந்தைகளையும் வீட்டையும் கவனிக்கும் பொறுப்பு சுதா மூர்த்தியிடம் வந்தது. தன் அன்றைய எண்ணம் தவறு என்று பின்னாளில் மூர்த்தியே வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக அவரை மதிக்க வேண்டும். 2019இல் நடத்தப்பட்ட இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதையே நாடளவில் காட்டுகிறது. சமைப்பது, துவைப்பது, பெருக்குவது போன்ற ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஒரு நாட்டின் தொழில் சாதனை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதற்குள் இந்த ஐந்து மணி நேரமும் கலந்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் தனிமனிதரின் முடிவுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. இதை மிகத் தெளிவாக விளக்கியவர் ஹார்வர்ட் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். தன்னோடு படித்த திறமைசாலிகள் பலர் மணமுறிவிலும், பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை அற்ற நிலையிலும் முடிந்ததை அவர் பார்த்தார். என்ரான் நிறுவன மோசடியில் சிறைக்குப் போன ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும் அவரோடு ஹார்வர்டில் படித்தவர்தான். அவர்களில் யாரும் குடும்பத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டமிடவில்லை. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் அதன் பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது: ஒப்பந்தம் முடிகிறது, பதவி உயர்கிறது. பிள்ளையோடு செலவிட்ட ஒரு மணி நேரத்தின் பலன் தெரிய இருபது வருடம் ஆகிறது. சாதிக்கத் துடிப்பவர் தன்னை அறியாமலே பலன் உடனே தெரியும் பக்கம் சாய்ந்துவிடுகிறார் என்றார் கிறிஸ்டென்சன். பிம்கோ முதலீட்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த முகமது எல்-எரியனுக்கு இது உறைத்தது, அவருடைய பத்து வயது மகள், அப்பா தவறவிட்ட 22 தருணங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தபோது. பள்ளியின் முதல் நாள், முதல் கால்பந்து ஆட்டம், ஆசிரியர் சந்திப்பு. 2014இல் அவர் அந்தப் பதவியை விட்டு விலகினார். நல்ல முடிவு. ஆனால் அதை எடுக்கும் வசதி அவருக்கு இருந்தது. அதே நிறுவனத்தில் அவருக்குக் கீழே இருந்த ஒரு குமாஸ்தாவின் பிள்ளையும் அப்படி ஒரு பட்டியலை எழுதியிருக்கலாம். அந்த அப்பாவால் விலக முடிந்திருக்காது. தலைவரின் மனமாற்றம் அவர் குடும்பத்தைக் காப்பாற்றும். அவர் விட்டுச்சென்ற வேலை நேரம் மாறாவிட்டால் மற்ற குடும்பங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

நூயியின் வாழ்க்கைக்கே திரும்பினால் இது இன்னும் துலங்கும். அவர் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் வேலைக்குச் சேர்ந்த தொடக்க காலத்தில் அவருடைய அப்பாவுக்குப் புற்றுநோய் கண்டது. ஆறு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேலதிகாரி. பிறகு ஒரு பெரிய கார் விபத்தில் சிக்கியபோதும், பிரசவத்தின்போதும் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. அன்றைய அமெரிக்காவில் இது எல்லோருக்கும் கிடைத்த சலுகை அல்ல. வீட்டில் அம்மாவும் புகுந்த வீட்டு உறவுகளும் மாறி மாறி வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். வீடியோ கேம் விளையாடலாமா என்று மகள் அலுவலகத்துக்குப் போன் செய்தால், அம்மா கூட்டத்தில் இருக்கும் வேளையில், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டு அரை மணி நேரம் அனுமதி கொடுக்க வரவேற்பாளருக்குச் சொல்லிவைக்கப்பட்டிருந்தது. இத்தனை கைகள் தாங்கியும், பெண்களால் எல்லாவற்றையும் அடைந்துவிட முடியாது, அடைந்ததாக நடிக்கிறோம் என்றே ஆஸ்பென் மேடையில் அவர் சொன்னார். 2021இல் வெளிவந்த தன்வரலாற்றிலும், குடும்பப் பராமரிப்பு என்பது பொருளாதாரப் பிரச்சினை, சம்பளத்தோடு விடுப்பு, நெகிழ்வான வேலை நேரம், குழந்தைக் காப்பகம் ஆகியவை இல்லாமல் அது தீராது என்று வாதிட்டார். தான் தலைமை தாங்கிய காலத்தில் நிறுவனத்தின் தலைமையகத்தில் காப்பகமும் திறந்தார். பால் கதையைவிட இந்தக் காப்பகம்தான் அதிகம் பகிரப்பட்டிருக்க வேண்டும்.

உச்சியில் உள்ள வேலைக்கு முழு ஆளும் வேண்டும், வாடிக்கையாளர் நடுராத்திரியில் கூப்பிட்டாலும் போக வேண்டும், இதை மாற்ற முடியாது என்பது பலமான எதிர்வாதம். 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கு அருமையான பதில் வைத்திருக்கிறார். எப்போது கூப்பிட்டாலும் வருகிறவருக்கு அளவுக்கு மீறிய சம்பளம் கொடுக்கும் வேலைகளைப் பேராசை பிடித்த வேலை என்கிறார் அவர். கணவன் மனைவி இருவரும் சமமாகப் படித்திருந்தாலும், ஒருவர் அப்படிப்பட்ட வேலைக்குப் போனால்தான் குடும்ப வருமானம் கூடும். மற்றவர் வீட்டுக்காக ஒதுங்குகிறார், பெரும்பாலும் பெண். ஆனால் வேலையின் தன்மை மாற்ற முடியாத இயற்கை விதி அல்ல என்பதற்கு அவர் காட்டும் சாட்சி மருந்தாளுநர்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவில் மருந்துக் கடை என்பது முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து நடத்தும் தனிக்கடை. அவர் இல்லாவிட்டால் கடை இல்லை. பிறகு சங்கிலித்தொடர்க் கடைகள் வந்தன, நோயாளிகளின் விவரங்கள் கம்ப்யூட்டருக்குப் போயின, ஒரு மருந்தாளுநரின் இடத்தில் இன்னொருவர் நின்று மருந்து கொடுக்க முடிந்தது. குறைந்த நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கான சம்பளம் சரிவது நின்றது. இன்று அங்கே மருந்தாளுநர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண் பெண் ஊதிய வேறுபாடு மிகக் குறைவாக உள்ள உயர்தொழில்களில் அதுவும் ஒன்று. ஒருவரின் இடத்தில் இன்னொருவர் நிற்கும்படி வேலையை அமைப்பது நிர்வாகத்தின் கடமை. என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஒரு மேலாளர் பெருமைப்படுவது அந்தக் கடமையை அவர் செய்யவில்லை என்பதையே காட்டுகிறது.

வளரும் நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்ற வாதமும் உண்டு. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும், போருக்குப் பிறகு ஜப்பானும் ஜெர்மனியும் அப்படித்தான் எழுந்தன என்று 2023இல் மூர்த்தி சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் வரை போனார். வறுமையிலிருந்து மேலேறிய ஒரு தலைமுறையின் அனுபவத்திலிருந்து வரும் பேச்சு இது. அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் சான்றுகள் அவர்கள் பக்கம் இல்லை. முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைப் பதிவேடுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் பென்காவல் ஆராய்ந்தார். வாரம் 70 மணி நேரத்தில் முடிந்த உற்பத்தி 56 மணி நேரத்தில் முடிந்ததைவிட அதிகம் வேறுபடவில்லை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. உதாரணம் காட்டப்படும் ஜெர்மனி இன்று உலகிலேயே மிகக் குறைந்த நேரம் உழைக்கும் நாடுகளில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, 90 மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவருக்குச் சோறு பொங்குவது யார் என்ற கேள்வி இந்தப் பேச்சுகளில் எழுவதே இல்லை. தமிழ்நாடு இதை 2023இல் நேரடியாகச் சந்தித்தது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் சட்டத்திருத்தம் ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது.

செலவைப் பற்றிய ஆட்சேபணையை மட்டும் பாதி ஒப்புக்கொள்கிறேன். 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்த முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். சிறு நிறுவனம் பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்கும் ஆபத்து இதில் இருக்கிறது. ஆனால் இதற்கு விடுப்பைக் குறைப்பது தீர்வாகாது. செலவைக் காப்பீட்டின் வழியே பொதுவாகப் பகிர வேண்டும், அப்பாக்களுக்கும் விடுப்பு தர வேண்டும். நார்வே 1993இல் தந்தைக்கு மட்டுமே உரிய நான்கு வாரங்களை ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே அந்த நாட்கள் போய்விடும். அதுவரை மிகச் சில ஆண்களே எடுத்த விடுப்பை, சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான அப்பாக்கள் எடுத்தார்கள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. தனியார் துறையில் அதற்குச் சட்டமே இல்லை.

ஒரு தலைவரின் வெற்றியை அளக்க அவருடைய நிறுவனத்தின் லாபக் கணக்கு போதாது. அவர் தன் மகளின் ஆட்டத்துக்குப் போனாரா என்பதும் போதாது. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் பிள்ளையின் காய்ச்சலுக்காகப் பொய் சொல்லாமல் விடுப்புக் கேட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டி எடுப்பவர்கள் வீட்டைப் பற்றிய கேள்வியைப் பெண்களிடம் மட்டும் கேட்பதை நிறுத்தி, ஆண்களிடமும் கேட்கட்டும். நீங்களும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று 2017 முதல் சட்டம் சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள்.